மாரிசாமியின் மஞ்சள் கோடு

மாரிசாமி வீட்டு உப்பு ஜாடியில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. பாதி மூடியில், பாதி ஜாடியில். மூடியைத் திருகித் திறந்து மறுபடி மூடினால் இரண்டு பாதியும் நேராக வராது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துபோகும். கல்யாணமான புதிதில் ரஞ்சிதா, "உப்பை எவன் திருடப் போறான்?" என்று கேட்டாள். "திருட்டுக்கு இல்ல. யாரு தொட்டான்னு நமக்குத் தெரியணும்ல" என்றான். அவள் சண்டை போடவில்லை. தினமும் உப்பை எடுத்துவிட்டு, கோட்டோடு கோடு சேர்த்து மூடப் பழகிக்கொண்டாள். அவனும் தினமும் ஜாடியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போவான்.

உப்போடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கேஸ் சிலிண்டர், ஜன்னல் கொக்கி, டிவி ரிமோட்டின் பேட்டரி மூடி என்று வீட்டில் திறக்கக்கூடிய எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு. குழாயடியில் தன் குடம் வைக்கும் இடத்தைக்கூட சிமெண்ட் தரையில் கோடு போட்டு வைத்திருந்தான். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அந்த லைன் வீட்டுக் காம்பவுண்டில் இருந்தவர்கள் அவனுக்குக் 'கோட்டுக்காரர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிறப்பதில்லை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்துவிட்டு ஓசூர் வந்து இறங்கிய முதல் நாள், மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் புதுச் செருப்பைக் காணோம். வெறுங்காலோடு அறைக்குப் போனான். இரண்டாவது வாரம் அறையில் கூட இருந்தவன் இவனுடைய நல்ல பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனவன், திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு சிப்காட்டில் டிராக்டர் கியர்பாக்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே அவனுக்கு சந்தேகப்படுவதற்கே சம்பளம் கொடுத்தார்கள். இனி கேட்கவா வேண்டும்?

வேலை இதுதான். அசெம்பிளி லைனில் அவனுக்கு முந்தைய ஆள் ஆஞ்சப்பன். அவர் டார்க் ஸ்பானரால் போல்ட்டை இறுக்குவார். சரியான இறுக்கம் வந்ததும் ஸ்பானர் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, போல்ட்டின் தலையிலும் பக்கத்து இரும்பிலுமாகச் சேர்த்து மாரிசாமி மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பான். இறுக்குவது ஒருத்தர், கோடு போடுவது இன்னொருத்தர். ஒரே ஆள் இரண்டையும் செய்யக்கூடாது என்பது கம்பெனி சட்டம். கோடு விழுந்த போல்ட்டை அதற்கப்புறம் எந்தக் கொம்பனும் தொடக்கூடாது என்பது இன்னொரு சட்டம். எங்கேயோ ஒரு டிராக்டர் வழியில் நின்று புகார் வந்தால், முதலில் கோட்டைத்தான் பார்ப்பார்கள். கோடு உடைந்திருந்தால் யாரோ வெளியில் கை வைத்திருக்கிறார்கள், கம்பெனிமேல் தப்பில்லை. இத்தனை வருஷத்தில் மாரிசாமி போட்ட கோட்டின்மேல் ஒரு குறையும் வந்ததில்லை. ஆஞ்சப்பனின் கைமேல் வந்ததில்லை என்றுதான் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் மாரிசாமி அதை அப்படி யோசித்ததே கிடையாது. உலகத்தில் நம்பத்தகுந்தது ஒன்று உண்டென்றால் அது தன் கோடுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். தீர்ந்துபோகும் நிலையில் இருந்த ஒரு பேனாவைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். அது திருட்டு ஆகாதா என்று அவனை அவனே சந்தேகப்பட்டதில்லை.

போன வருஷம் ரஞ்சிதாவுக்கு முதல் கர்ப்பம் கலைந்தது. அதற்கு முந்தைய நாள்தான் குருபரப்பள்ளியில் இருக்கும் அவளுடைய சித்தி வீட்டுக்கு வண்டியில் போய்விட்டு வந்திருந்தார்கள். வண்டியின் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் ஆயில் கசிந்து செத்துப்போயிருந்தன. ஹைவேஸ்காரர்கள் வெட்டிப் போட்டிருந்த இடமெல்லாம் பின்பக்கம் 'டொம் டொம்' என்று இறங்கியது. "மெதுவா போங்க" என்று அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். ஆரம்ப மாசத்தில் இப்படி ஆவது சகஜம், வண்டி குலுங்கியதால் எல்லாம் ஆகாது, மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். மாரிசாமி டாக்டரம்மாவையும் நம்பவில்லை. முதலில் சித்தி வீட்டுச் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டான். அங்கே வந்து ரஞ்சிதாவை ஏற இறங்கப் பார்த்த ஒரு பெண்பிள்ளையைச் சந்தேகப்பட்டான். கடைசியில் வண்டியில் வந்து நின்றான். மற்றதை எல்லாம் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. வண்டியைக் கழற்றிப் பார்க்க முடியும்.

இப்போது மறுபடியும் அவளுக்கு ஏழாவது மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டு ரங்கம்மாதான் டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். ரங்கம்மாவும் அவள் புருஷன் திம்மப்பனும் சானமாவுக் காட்டுப் பக்கத்து ஆட்கள். யானை இறங்கி ராகிக் காட்டை மிதித்ததும், கூலி வேலை கிடைக்காமல் போனதுமாகச் சேர்ந்து அவர்களை சிப்காட்டுக்குத் துரத்திவிட்டது. திம்மப்பன் ஒரு வார்ப்புக் கம்பெனியில் காண்டிராக்ட் வேலை பார்த்தார். ரங்கம்மாவுக்கு ரஞ்சிதா என்றால் உயிர். முதல் கர்ப்பம் கலைந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தது அவள்தான். அந்த ஊரில் ரஞ்சிதாவுக்குத் தாயோ அக்காவோ எல்லாம் அவள் ஒருத்திதான். மாரிசாமி இரவு ஷிஃப்டுக்குப் போய்விட்டால் ரஞ்சிதா சுவரைத் தட்டினால் போதும், ரங்கம்மா வந்து நிற்பாள்.

ஆனால் அவள் இனியும் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதற்கு மாரிசாமி ஒப்பவில்லை. ஆட்டோக்காரன் எவனையும் அவன் நம்ப மாட்டான். அடுத்த ஸ்கேனுக்கு வண்டியில்தான் போவது, அதற்குள் பின்பக்கத்தை மெத்தை மாதிரி ஆக்கிவிடுவது என்று தீர்மானித்தான். ஒரு லீவு நாளில் பெங்களூர் போய், கடை கடையாக ஏறி இறங்கி, கேஸ் அடைத்த புது ஷாக் அப்சார்பர் ஜோடி ஒன்று வாங்கி வந்தான். பக்கத்தில் சின்ன டப்பா ஒட்டிக்கொண்டிருக்கும், பெரிய வண்டிகளுக்குப் போடுகிற ஜாதி. கடைக்காரன் எதிரிலேயே வெர்னியர் அளவுகோல் வைத்து நீளத்தையும் போல்ட் நுழைகிற கண் துளையையும் அளந்து பார்த்தான். கடைக்காரன் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தான். அது திட்டுதான் என்பதில் இவனுக்குச் சந்தேகம் இல்லை.

மெக்கானிக்கிடம் விடுகிற பேச்சே கிடையாது. நல்ல சாமானை மாற்றிப் பழசை மாட்டிவிடுவான் என்பது மாரிசாமியின் கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு அடியில் உடைந்த கிரானைட் துண்டுகளை அண்டக் கொடுத்தான். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பின் சக்கரம் தொங்கிப்போகும். ஆகவே ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். வலது பக்கத்துப் பழசை உருவி எடுத்துத் தரையில் ஊன்றி அமுக்கினான். போனது போனபடி கிடந்தது, எழுந்து வரவில்லை. ஆயிலும் புழுதியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தது. "இதுலயா நான் உட்கார்ந்து வந்தேன்?" என்று ரஞ்சிதா வாசற்படியில் நின்று கேட்டாள். அந்தப் பழைய சாமானைப் பார்க்க அவனுக்குக் கண் கலங்கியது. குனிந்து வேலையைப் பார்த்தான்.

புதுசின் ரப்பர் புஷ் உள்ளே போக மறுத்தது. சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளினான், ஏறிக்கொண்டது. மேலே ஒரு நட்டு, கீழே ஒரு நட்டு. ரிங் ஸ்பானரில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். ஸ்பிரிங்குக்கு அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். அதைத் திருப்பத் திருப்ப ஸ்பிரிங் விறைப்பாகும், பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் அமுங்கிப் போகாது. அதை இரண்டு பேர் கனத்துக்குத் தோதாகத் திருப்பி வைத்தான். பிறகு இடது பக்கம். பழசைக் கழற்றி, புதுசை மாட்டி, மேல் நட்டையும் கீழ் நட்டையும் விரலால் சுற்றி ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் காம்பவுண்டில் சத்தம் கேட்டது.

"தண்ணி வந்துச்சு! தண்ணி வந்துச்சு!"

அந்தக் குழாயில் தண்ணீர் வருவது தேர் வருவதுபோல எப்போதோ ஒருமுறை. ரஞ்சிதா குடத்தைத் தூக்கிவிடுவாளோ என்ற பயத்தில் மாரிசாமி எண்ணெய்க் கையோடு எழுந்து ஓடினான். போய்ப் பார்த்தால் அவனுடைய கோட்டுக்குள் அவனுடைய குடம் இல்லை. திம்மப்பனின் குடம் இருந்தது.

"என்னண்ணே, கோடு போட்டு வச்சிருக்கேன், கண்ணு தெரியலயா?"

"உங்குடத்த முன்னால நகத்தி வச்சன்பா. வயித்துப் புள்ளக்காரி, சீக்கிரம் புடிச்சினு போவட்டும்னுதான்."

"எங்குடத்தைத் தொடச் சொல்லி உங்களை யார் கேட்டா?"

திம்மப்பனுக்கும் சுருக்கென்றது. "கோடு போட்டுட்டா கொழா உன்துதாயிடுமா? அப்ப வானத்துல ஒரு கோடு போடு, மழையும் உனக்கே பெய்யட்டும்" என்றார். குழாயடியே சிரித்தது. ரஞ்சிதாகூடச் சிரித்துவிட்டாள். அதுதான் மாரிசாமிக்குத் தாங்கவில்லை. தண்ணீரைப் பிடித்து வீட்டில் வைத்துவிட்டு, காது மடல் சிவக்க வண்டியருகே வந்து உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு, நான்கு நட்டிலும் அழகாகக் கோடு இழுத்தான். கோடு போட்டதும் மனசு கொஞ்சம் அடங்கியது. சாமான்களைக் கழுவி உள்ளே வைத்தான்.

சாயங்காலம் பேக்கரி வரைக்கும் தனியாக ஓட்டிப் பார்த்தான். தனியாளுக்குக் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது, ஆனால் வேகத்தடையில் அந்த 'டொம் டொம்' போயே போய்விட்டது. திரும்பி வந்து நிறுத்தியபோது திம்மப்பன் காலைச் சண்டையை மறந்துவிட்டு வந்து நின்றார். பின் சீட்டில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிப் பார்த்தார். "ஜோரா இருக்குதுபா. புள்ளக்கி நோவு தெரியாது" என்றார். மாரிசாமி சிரித்துவைத்தான். ஆனால் கை வைத்ததைக் கவனித்து மனசில் முடிந்துகொண்டான்.

அந்த வாரம் மார்க்கெட்டுக்கு இரண்டு தடவை வண்டியை எடுத்தான். கம்பெனிக்கு எப்போதும் கம்பெனி பஸ்தான். வெள்ளிக்கிழமை வண்டியைத் துடைக்கும்போது துணி அப்படியே நின்றுபோனது. இடது பக்கம், கீழ் நட்டு. கோடு உடைந்திருந்தது. போல்ட்டில் இருந்த பாதி ஒரு பக்கம், நட்டில் இருந்த பாதி இன்னொரு பக்கம். விரலால் தொட்டான். நட்டு லேசாகச் சுற்றியது.

கம்பெனியில் படித்த பாடம் ஒன்றுதான்: கோடு உடைந்தால் கை வைத்திருக்கிறார்கள். மற்ற மூன்றையும் பார்த்தான். மூன்றும் முழுசாக இருந்தன. கோடு முழுசாக இருக்கிற நட்டைத் தொடக்கூடாது. தொடவில்லை. கீழ் நட்டை மட்டும் குழாய் போட்டு இறுக்கி, பழைய பெயிண்டை பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு, புதுக்கோடு போட்டான். யாரோ நட்டைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். என் பெண்டாட்டி உட்காரப்போகிற வண்டியில்.

யார்? வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணனா? இவர்களைக் காலி செய்யச் சொல்ல அவருக்கு ஆசை இருக்கலாம். ஆனால் அவருக்கு ஸ்பானர் எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. கடைசி வீட்டுப் பையன்களா? அவர்கள் பெட்ரோல் திருடுவார்கள், நட்டைக் கழற்ற மாட்டார்கள். சுற்றிச் சுற்றி வந்து திம்மப்பனிடம் நின்றது. குழாயடிச் சண்டை ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே வந்து வண்டியை அமுக்கிப் பார்க்கிறார். அவருடைய மொபெட்டுக்கும் இதே அளவு ஸ்பானர்தான். எல்லாம் பொருந்தியது. எல்லாம் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறதே என்று ஒரு விநாடி சந்தேகப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அந்த ஒரு சந்தேகம் மட்டும் அவனுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் ரஞ்சிதாவின் கோலமாவு டப்பாவை எடுத்து வண்டியைச் சுற்றி மெல்லிசாகத் தூவினான். "என்னது இது, வண்டிக்குக் கோலமா?" என்றாள். "எலி வருதா பாக்கத்தான்" என்றான். விடிந்ததும் முதல் வேலையாகப் போய்க் குனிந்து பார்த்தான். கோழிக்கால் தடம் இருந்தது. பூனைத் தடம் இருந்தது. அவற்றுக்கு நடுவே அகலமான வெறுங்கால் ஒன்று, சுண்டுவிரல் தனியாக விலகிய தடம். அந்த விரலை மாரிசாமிக்கு நன்றாகத் தெரியும். வார்ப்புக் கம்பெனியில் அச்சு விழுந்து நசுங்கிய திம்மப்பனின் விரல்.

குழாயடியில் பத்துப் பேர் இருக்கும்போது கேட்டுவிட்டான்.

"எங்கூட சண்டைன்னா என் சட்டையைப் பிடிங்கண்ணே. கர்ப்பிணி உட்கார்ற வண்டில நட்டைக் கழற்றிவிடறது என்ன மனுசத்தனம்?"

திம்மப்பனுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் செத்துப்போனது. "நானா? நா ஏன்பா கழட்றன்?"

"கால் தடம் இருக்கு. வந்து பாருங்க. எங்க புள்ள பொறக்கக்கூடாதுன்னு இருக்கீங்களா?"

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக்கூடாது. ரங்கம்மா நிரம்பிய குடத்தை அப்படியே கவிழ்த்தாள். புருஷனின் கையைப் பிடித்து, "ஹோக்லி பிடு, விட்டுத் தள்ளு, வா" என்று இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் அவள். அது காம்பவுண்டில் எல்லோருக்கும் தெரியும், மாரிசாமிக்கும் தெரியும்.

அதோடு ரங்கம்மா வருவது நின்றது. வழக்கமாக வரும் களியும் கீரைக் குழம்பும் நின்றன. ஒருநாள் ரஞ்சிதா தானே ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "அந்த வீட்டுல இருந்து ஒரு வாய் தண்ணிகூட வேணாம்" என்று மாரிசாமி தடுத்தான். அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நீங்க ஷிஃப்டுக்குப் போயிருவீங்க. எனக்கு வலி வந்தா யாரைக் கூப்பிடறது? சுவத்துல கோடு போட்டு வச்சிருக்கீங்களா, அது வந்து என்னைத் தூக்குமா?"

"என் கோடு பொய் சொல்லாது ரஞ்சி."

"சரி. அதையே பிரசவத்துக்கும் கூட்டிட்டுப் போங்க."

அதற்கப்புறம் அவனோடு பேசுவதை அவள் குறைத்துக்கொண்டாள். அவன் ஷிஃப்டு முடிந்து வரும் நேரங்களில் அவள் சுவரோரமாக உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கத்துப் பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். எல்லாம் பிள்ளை நல்லபடியாகப் பிறப்பதற்காகத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். கம்பெனியில் கோடு போடும்போதுகூட அவன் கை முன்போல் ஓடவில்லை. வண்டியை அவன் வெளியே எடுக்கவும் இல்லை. தார்ப்பாய் போட்டு மூடி, சங்கிலி போட்டுப் பூட்டி வைத்தான்.

ஸ்கேன் நாள் வந்தது. லீவு போட்டிருந்தான். குளித்துப் பூ வைத்துக்கொண்டு ரஞ்சிதா வாசலுக்கு வந்தாள். தார்ப்பாயை எடுத்துப் பார்த்தான், நான்கு கோடும் அச்சுப்போல் இருந்தன. அவள் மெதுவாகப் பின்னால் உட்கார்ந்தாள். காம்பவுண்டு வாசலில் சாக்கடைமேல் போட்டிருந்த கல் பலகையில் வண்டி ஏறி இறங்கியபோது இடது பக்கம் 'கடக்' என்றது.

நிறுத்திவிட்டான். அவளை இறங்கச் சொல்லிவிட்டுக் குனிந்தான். கீழ் நட்டு, கோடு முழுசு. மேல் நட்டு, கோடு முழுசு. மறுபடி அவளை உட்காரச் சொல்லாமல் தானே சீட்டை அமுக்கினான். 'கடக்.' திம்மப்பன் உள்ளே ஏதோ செய்துவைத்திருக்கிறான், கோடு தெரியாதபடி செய்துவைத்திருக்கிறான் என்று பல்லை நறநறத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்துவந்தான். சட்டத்தை முதல் தடவையாக மீறி, கோடு போட்ட மேல் நட்டில் ஸ்பானரை வைத்தான்.

ஸ்பானருக்கு வேலையே இல்லை. நட்டு விரலுக்கே சுற்றியது. அவன் சுற்றியபோதுதான் அந்த மஞ்சள் கோடு இரண்டாக உடைந்தது.

மாரிசாமி கையை எடுத்துக்கொண்டான். கோடு அதுவரை முழுசாக இருந்தது. அப்படியானால் அதை யாரும் தொடவில்லை. தொடாத நட்டு எப்படி லூசாக இருக்கும்? ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அது எப்போதுமே லூசாகத்தான் இருந்தது. விரலால் ஏற்றிய நட்டு, தண்ணீர் வந்தது, குழாயடி, சிரிப்பு, திரும்பி வந்து சட்டைப் பையிலிருந்து பேனா. பேனாவைத்தான் எடுத்தான். ஸ்பானரை எடுக்கவில்லை. இத்தனை வருஷமாகக் கம்பெனியில் அவன் கை இறுக்கியதே இல்லை. ஆஞ்சப்பன் இறுக்குவார், இந்தக் கை கோடு போடும். அன்றைக்கும் அது தன் வேலையை மட்டும் செய்துவிட்டு எழுந்து போய்விட்டது. கீழ் நட்டு முதலில் கழன்றது, மேல் நட்டு அதன் முறைக்குக் காத்திருந்தது. அவ்வளவுதான்.

கல் பலகை 'கடக்' என்று சொல்லாமல் விட்டிருந்தால் இவளை இதில் வைத்துக்கொண்டு ஹைவேஸில் ஏறியிருப்பான்.

"யாரு தொட்டாங்களாம்?" என்றாள் ரஞ்சிதா.

"யாரும் தொடல."

"அப்புறம்?"

"யாருமே தொடல ரஞ்சி. நானும் தொடல."

அவள் நட்டையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி நடந்து ரங்கம்மாவின் கதவருகே போய் நின்றாள். மாரிசாமி ஸ்பானரோடு அவள் பின்னால் போனான். திம்மப்பன் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்ப சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நட்டை யாரும் கழட்டல. நான்தான் இறுக்காம விட்டிருக்கேன். இறுக்காமலே கோடு போட்டுட்டேன்."

திம்மப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். மாரிசாமி ஸ்பானரை நீட்டினான். "நீங்க வந்து இறுக்கிக் குடுங்க. எங்கைமேல எனக்கே இப்ப நம்பிக்கை இல்ல."

"நா தொடமாட்டன் தம்பி. நாளக்கி ஏதாவது ஆச்சுன்னா மறுபடி எங்காலத்தான் அளப்ப."

உள்ளேயிருந்து ரங்கம்மா வந்தாள். மாரிசாமியைப் பார்க்காமல் பேசினாள். "அன்னிக்கு விடியக்காத்தால உம்பொண்டாட்டி பொடவ கொடியிலருந்து வண்டிமேல விழுந்து கெடந்தது. அத எடுத்துக் கொடியில போட்டாரு. அதான் அந்தக் காலு. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நீ கேக்கல. நீ கண்டுபுடிச்ச."

மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தான்.

"இங்க சொல்லாத. எங்க நின்னு அந்த வார்த்த சொன்னியோ, அங்க நின்னு சொல்லு."

குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாரிசாமி தன் மஞ்சள் கோட்டுக்குள்ளேயே போய் நின்றான். நட்டு இறுக்காதது தான்தான் என்றும், திம்மப்பண்ணன் வண்டியைத் தொடவே இல்லை என்றும், பிள்ளையைப் பற்றிச் சொன்ன வார்த்தை பாவம் என்றும் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு வண்டியருகே போய் உட்கார்ந்து குழாயை ஸ்பானரில் சொருகி, மேல் நட்டை இறுக்கினான். கீழ் நட்டிலும் வலது பக்கத்து இரண்டிலும் ஸ்பானரை வைத்துப் பார்த்தான். அவை அசையவில்லை. பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. எடுத்த கை நின்றுபோனது. திம்மப்பன் சாப்பாட்டுப் பையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்னாபா, கோடு போடலியா?"

"இறுக்கினவன் கோடு போடக்கூடாதுண்ணே. அதுதான் சட்டம். பாத்துட்டு இன்னொருத்தர்தான் போடணும்."

திம்மப்பன் பையை மொபெட்டில் மாட்டிவிட்டு வந்து, ஸ்பானரை வாங்கி நான்கு நட்டிலும் வைத்து முக்கிப் பார்த்தார். பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினார். மேல் நட்டில் அவர் இழுத்த கோடு கோணலாக, தடிமனாக, பாதி ஷாக் அப்சார்பர்மேலேயே வழிந்திருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

மாரிசாமி வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிட்டு ரஞ்சிதாவைப் பார்த்தான். அவள் அதற்குள் ரங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றிருந்தாள். ரங்கம்மா வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"வண்டி சரியாயிருச்சு ரஞ்சி. திம்மப்பண்ணன் பாத்துட்டாரு."

"வண்டி சரியாத்தான் இருக்கும்" என்றாள் ரஞ்சிதா. "நான் அக்காகூட ஆட்டோவுல வர்றேன்."

ஆட்டோ வந்தது. ரங்கம்மா முதலில் ஏறி, ரஞ்சிதாவைக் கை கொடுத்து ஏற்றிக்கொண்டாள். "மெதுவா ஓட்டு, பள்ளம் பாத்து எறக்கு" என்று ஆட்டோக்காரனை இப்போதே அதட்ட ஆரம்பித்துவிட்டாள். மாரிசாமி பின்னால் வண்டியில் போனான். வெட்டிப் போட்ட ரோட்டில் ஆட்டோ ஆடி ஆடி முன்னால் போயிற்று. இரண்டு பேர் கனத்துக்கென்று விறைப்பாகத் திருப்பி வைத்த ஸ்பிரிங், பின் சீட் காலியாக இருந்ததால், ஒவ்வொரு பள்ளத்திலும் அவனை மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. நிறுத்தி அந்த வளையத்தைத் திருப்பி வைத்துக்கொள்ள அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவன் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அப்படியே குலுங்கிக்கொண்டு போனான்.